கோடு கீற முன்னம் எங்கள் கிணறுகளைப் பாருங்கள்

யாழ். மாநகர முதல்வருக்கும், நல்லூர்ப் பிரதேச சபைத் தவிசாளருக்கும், உள்ளூராட்சிக்குப் பொறுப்பான அமைச்சருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு, வணக்கம்.

நான் திருநெல்வேலியில் முப்பத்தெட்டு வருடமாக இருக்கிறேன். 1995 ஐப்பசியில் யுத்தத்தால் வலிகாமமே வெளிக்கிட்டபோது நாங்களும் கொடிகாமத்துக்குப் போனோம். அந்த ஆறு மாதம்தான் இந்த வளவை விட்டுப் பிரிந்திருந்தது. கடித உறையில் திருநெல்வேலி என்று எழுதினாலும் வாயில் வருவது தின்னவேலிதான், அதனால் இங்கும் அப்படியே எழுதுகிறேன். எங்கள் ஒழுங்கையால் இறங்கி பலாலி வீதியில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பெரியகடை. வருத்தம் என்றால் ஓடுவது பெரியாஸ்பத்திரிக்கு. என் இரண்டு பிள்ளைகளும் படித்தது நகரத்துப் பள்ளிக்கூடங்களில். மாநகரம் எனக்கு வேற்றூர் அல்ல. ஆனால் நான் மாநகர சபைக்கு வாக்களிப்பதில்லை, ஏனென்றால் எங்கள் வீடு நல்லூர்ப் பிரதேச சபையின் எல்லைக்குள் இருக்கிறது.

மாநகர எல்லையை விரித்து தின்னவேலி, கொக்குவில், கோண்டாவில் பக்கங்களை உள்ளே எடுக்க வேண்டும் என்ற பேச்சு வருடக்கணக்காக அடிபடுகிறது. அதற்கு நியாயம் இருக்கிறது. யாழ்ப்பாணம் மாநகர சபையானது 1949இல். பரப்பு ஏறக்குறைய 20 சதுர கிலோமீற்றர். 1981 குடிசன மதிப்பீட்டில் அதற்குள் ஒரு இலட்சத்துப் பதினெட்டாயிரம் பேர் இருந்தார்கள்; 2012இல் தொண்ணூறாயிரத்துக்கும் குறைவு. யுத்தம் சனத்தைக் கலைத்தது ஒரு காரணம். இன்னொன்று, நகரம் தன் கோட்டைத் தாண்டி வெளியே நடந்து வந்துவிட்டது. 1974இல் பரமேஸ்வராக் கல்லூரி வளவில் பல்கலைக்கழகம் தொடங்கிய பிறகு எங்கள் ஊர் வீடுகளில் பாதி வாடகை அறைகளாயின. தோட்டம் செய்த காணிகள் எங்கள் ஊர் நில அளவில் இரண்டு பரப்பு, ஒன்றரைப் பரப்பு என்று சிறு துண்டுகளாகி மாடி வீடுகள் எழும்பின. மாநகரம் என்று சொல்லக்கூடிய வாழ்க்கை இங்கே வந்துவிட்டது. அதற்குரிய வசதிகள் வரவில்லை.

ஆகவே நான் இணைப்புக்கு எதிரில்லை. என் பயம் வேறு. அதைச் சொல்ல எங்கள் கிணற்றடிக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

மகள் பிள்ளைப்பேற்றுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். பேரன் பிறந்து இரண்டரை மாதம். வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளையின் நிறையைக் கொப்பியில் பதிந்துவிட்டு, "பால்மா கரைக்கிறது எந்தத் தண்ணியில?" என்று கேட்டார். கிணற்றுத் தண்ணியை நல்லாய்க் கொதிக்க வைத்துத்தான் என்றேன். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மலக்கழிவிலிருந்தும் உரத்திலிருந்தும் தண்ணியில் கலக்கும் நைத்திரேற்று போகாது, தண்ணி வற்ற வற்ற அது இன்னும் கூடும் என்றார். அன்று பின்னேரமே ஒரு போத்தலில் தண்ணியை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. எங்கள் கிணறு அதைத் தாண்டியிருந்தது. கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும் நோய்க்கு இந்த நைத்திரேற்று காரணமாகலாம் என்று அதற்குப் பிறகுதான் படித்தறிந்தேன். என் மாமியார் கிணற்றுக் கட்டில் கையை ஊன்றிக்கொண்டு நெடுநேரம் உள்ளே பார்த்தபடி நின்றா. அவ மருமகளாக இந்த வளவுக்குள் வந்த நாளிலிருந்து குடித்த தண்ணி அது.

அடுத்த நாள் நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும் நாடாவைப் பிடித்து அளந்தோம். அவருடைய மலசலகூடக் குழிக்கும் எங்கள் கிணற்றுக்கும் இடையில் முப்பது அடிகூட இல்லை. அவர் முகம் வாடிவிட்டது. "அக்கா, வேற எங்க கிண்டுறது? பின்னுக்குக் கிண்டினா மாஸ்டர் வீட்டுக் கிணறு. முன்னுக்குக் கிண்டினா என்ர கிணறு" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. ஒன்றரைப் பரப்புக் காணியில் எந்த மூலையில் குழி வெட்டினாலும் அது யாரோ ஒருவருடைய கிணற்றுக்குப் பக்கம்தான். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நாங்கள் எல்லோரும் ஒரே கல்லுக்கு மேல் இருந்துகொண்டு ஒரே தண்ணியை எடுத்து, கழிவையும் அதற்குள்ளேயே இறக்கிக்கொண்டிருக்கிறோம். தோட்டங்களில் கொட்டும் யூரியாவும் அதே தண்ணிக்குள்தான் போகிறது. அதையும் நான் மறைக்கவில்லை.

எங்கள் காலுக்குக் கீழே உள்ளது சுண்ணாம்புக்கல். வெடிப்பும் பொந்தும் நிறைந்தது. மேலே விழும் மழை அதற்குள் இறங்கி, உப்புத் தண்ணிக்கு மேல் ஒரு படையாக நிற்கிறது. நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: மேலே நல்ல தண்ணி, ஆழம் போகப் போக உப்பு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்வதைத்தான் வருடம் முழுக்க இறைக்கிறோம். மிஞ்சி இறைத்தால் கீழே உள்ள உப்பு மேலே வரும். இந்தத் தண்ணிக்குச் சபை எல்லை தெரியாது. சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவெண்ணெய் கண்டபோது அது அயலூர்க் கிணறுகளிலும் தெரிந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

இப்போது மாநகர முதல்வரிடம் நேரே ஒரு விடயம் சொல்ல வேண்டும். நகரத்துக் குழாய்களில் நெடுங்காலமாக ஓடிய தண்ணி எங்கிருந்து வந்தது? கோண்டாவிலிலும் தின்னவேலியிலும் உள்ள கிணறுகளிலிருந்து. மாநகரத்தின் குப்பை எங்கே போகிறது? கல்லுண்டாய்க்கு. அது வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபையின் எல்லை. வழுக்கையாறு கடனீரேரியைச் சேரும் பக்கம். அங்கே குப்பைமேடு பற்றி எரியும் நாட்களில் புகையைச் சுவாசிப்பது நவாலி, ஆனைக்கோட்டைச் சனம். எல்லைக்கு வெளியிலிருந்து தண்ணியை எடுத்து, எல்லைக்கு வெளியே கழிவைக் கொட்டித்தான் இந்த நகரம் இவ்வளவு காலம் நடந்திருக்கிறது. குற்றம் சாட்டுவதற்காக இதை எழுதவில்லை. நகரங்கள் எல்லாம் பெரும்பாலும் அப்படித்தான் வளர்கின்றன. ஆனால் எல்லையை விரிக்கும்போது இந்தக் கணக்கு முதலில் மேசைக்கு வர வேண்டும். கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரத் திட்டம் போட்டபோது அந்தக் கணக்கு முதலில் வைக்கப்படவில்லை. கிளிநொச்சி விவசாயிகள் எங்கள் வயலுக்கே போதாது என்று எழுந்து நின்றார்கள். கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். நல்ல விடயம், நன்றியோடு சொல்கிறேன். ஆனால் வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு வாளி குழாய்த் தண்ணியும் கழிவுநீராக வெளியே போகும். அது எங்கே போகும்? இரணைமடுவோடு தொடங்கிய அந்தப் பெருந்திட்டத்தின் பெயரில் குடிநீரோடு சுகாதாரமும் சேர்ந்திருந்தது. குடிநீர்க் குழாய் வந்துவிட்டது. எங்கள் ஒழுங்கைக்குக் கழிவுநீர்க் குழாய் வரவில்லை. குழாய்த் தண்ணி கூடக் கூடக் குழிகள் நிரம்புவதும் கூடும்.

இதுதான் என் பயம். வர்த்தமானியில் ஒரு கோடு மாறும், பெயர்ப்பலகை மாறும், ஆதன வரிப் பத்திரம் வேறு கந்தோரிலிருந்து வரும், கிணறு இருந்தபடியே இருக்கும். வரி கூடும் என்று எங்கள் ஒழுங்கையில் பலர் கலங்குகிறார்கள். எனக்கு அது பெரிய கவலையில்லை. குழி வற்ற எடுக்கும் பவுசருக்கு ஒவ்வொரு முறையும் காசு கொடுத்து, குடிக்கப் போத்தல் தண்ணியும் வாங்குகிற சனம் நாங்கள். அந்தக் காசை ஒழுங்கான சேவைக்கு வரியாகத் தருவதில் நட்டமில்லை.

பாக்குநீரிணைக்கு அந்தப்பக்கம் பாருங்கள். சென்னை மாநகராட்சி 2011இல் 174 சதுர கிலோமீற்றரிலிருந்து 426 ஆக விரிந்தது. சுற்றியிருந்த நகராட்சிகளும் ஊராட்சிகளும் உள்ளே வந்தன. பத்து வருடம் கடந்தும் அப்படிச் சேர்ந்த இடங்கள் பலவற்றில் பாதாளச் சாக்கடை முடியவில்லை. கோடு ஒரே நாளில் மாறியது, குழாய் அதன் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்கள் நாட்டிலேயே இன்னொரு பாடம் கல்முனையில் இருக்கிறது. அந்த மாநகர சபைக்குள் இருக்கும் சாய்ந்தமருது தனக்கெனச் சபை கேட்டு வருடக்கணக்காகப் போராடியது. 2020 பெப்ரவரியில் தனி நகர சபைக்கு வர்த்தமானி வந்தது, சில நாட்களிலேயே அது நிறுத்தி வைக்கப்பட்டது. உள்ளே இருக்கும் சனத்துக்குத் தாங்களும் இந்தச் சபையின் ஆட்கள் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் கோடு எத்தனை வருடமானாலும் ஆறாத புண்ணாக நிற்கும்.

மாகாண சபை இருந்திருந்தால் இதையெல்லாம் அங்கே பேசச் சொல்லியிருப்பேன். அதன் ஆயுள் 2018இல் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. எல்லையை மாற்றும் அதிகாரமோ கொழும்பில். அதனால்தான் இந்த மடல் மூன்று பேருக்கும் ஒன்றாக வருகிறது. நான் கேட்பது, எல்லை மாற்றத்துக்கான வர்த்தமானிக்கு முன்னால் சேவைத் திட்டம் ஒன்றை எங்கள் கண்ணுக்கு முன் வையுங்கள் என்பதே. எந்த ஒழுங்கைக்கு எந்த வருடம் எது வரும், காசு எங்கிருந்து வரும் என்று தமிழில் எழுதிய திட்டம்.

அதில் முதலில் மலக்கழிவு இருக்க வேண்டும். பவுசர் எடுத்துக்கொண்டு போவது எங்கே கொட்டப்படுகிறது, சுத்திகரிக்கப்படுகிறதா என்பதில் தொடங்குங்கள். நகரம் முழுக்கக் கழிவுநீர்க் குழாய் போட நாளாகும், எனக்குத் தெரியும். அதுவரை ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக்குழி என்றிருக்காமல், நாலைந்து சிறு காணிகளுக்கு அடி கட்டிய ஒரு பொதுத் தொட்டி, அதைக் குறித்த காலத்தில் வற்ற எடுக்கும் சேவை என்று செய்யலாம்தானே. என் பக்கத்து வீட்டுத் தம்பி முதல் ஆளாகச் சேருவார். கோண்டாவில், தின்னவேலி நீரிறைப்புக் கிணறுகளைச் சுற்றி இனி எந்தக் குழியும் வராத ஒரு காப்புப் பகுதியைக் குறியுங்கள். ஊர்க் கிணறுகளை வருடத்தில் இரண்டு தரம், மாரிக்கு முன்னும் பின்னும், இலவசமாகச் சோதித்து முடிவை அந்தந்த வீட்டுக்குக் கொடுங்கள்.

வெள்ளவாய்க்கால் வரைபடத்தைச் சபை எல்லையைப் பார்த்துக் கீறாமல் நிலத்தின் சரிவைப் பார்த்துக் கீறுங்கள். 2020 மார்கழியில் புரெவிப் புயல் மழை எந்தச் சபையிடமும் அனுமதி கேட்டு வரவில்லை. மேட்டில் ஒரு மதவை அடைத்தால் பள்ளத்தில் இருப்பவன் அடுப்படிக்குள் தண்ணி நிற்கிறது. குளங்களையும் கேணிகளையும் முதலில் அளந்து எல்லைக்கல் போட்டுவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

தோட்டக் காணிகள் பற்றி எனக்கு மிகவும் மனம் கிடந்து அடிக்கிறது. கோண்டாவில் பக்கம் விடியப்புறம் போனால் இன்னமும் செம்பாட்டு மண்ணில் மிசின் போட்டுத் தண்ணி கட்டுகிறார்கள். கரட், பீற்றூட், வெங்காயம், கோவா. தின்னவேலிச் சந்தையில் ஈரமண் ஒட்டியபடி வந்து இறங்கும் மரக்கறி அது. அந்தத் தோட்டக்காரருக்கு வீட்டுக் காணிக்குப் போடுவதுபோல வரி போட்டால் அவர் விற்பார். விற்றால் அங்கே கல்வீடும் சீமெந்துத் தரையும் வரும், மழை இறங்க வழி இருக்காது. அந்தத் திறந்த மண்ணால்தான் எங்கள் கிணறுகளுக்குத் தண்ணி ஊறுகிறது. நகரத்துக்குள் வந்தாலும் தோட்டம் தோட்டமாகவே இருக்க ஒரு தனி வரி முறையை இணைப்போடு சேர்த்தே எழுத வேண்டும், பிறகு பார்க்கலாம் என்று விடக்கூடாது.

மாநகர சபையில் இப்போது 27 வட்டாரங்கள், 45 உறுப்பினர்கள். நாங்கள் உள்ளே வரும்போது எங்கள் வட்டாரங்களுக்கு ஆட்தொகைக்கு ஏற்ற இடம் வேண்டும். பிரதேச சபையில் குப்பை அள்ளும், வாய்க்கால் துப்புரவாக்கும் தொழிலாளர்கள் இணைப்பில் ஒருவரும் வேலை இழக்கக்கூடாது. விடியற்காலையில் எங்கள் படலைக்கு வருகிற அவர்களின் முகம் எங்களுக்குத் தெரியும். வீதிவிளக்கு, றோட்டுப் பள்ளம் பற்றி நீட்டி எழுதவில்லை. அவற்றைக் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள்.

நல்லூர்ப் பிரதேச சபைத் தவிசாளருக்கு ஒரு சொல். சபை போய்விடும் என்ற கவலையில் இந்தப் பேச்சை ஒதுக்கிவிடாதீர்கள். கிணற்றுப் பரிசோதனைக்கும் காப்புப் பகுதிக்கும் எல்லை மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இரண்டு சபையும் ஒரு மேசையில் இருந்து இந்த வருடமே அதைத் தொடங்கலாம். அப்படிச் சேர்ந்து ஒரு வேலை செய்து காட்டினால், இணைவது பற்றி எங்கள் ஒழுங்கையில் வரும் கேள்விகளில் பாதி அடங்கிவிடும்.

பேரனுக்கு இப்போது பதினொரு மாதம். பால்மாவும் கஞ்சியும் வாங்கிய தண்ணியில்தான். மாமியார் மட்டும் இன்னமும் ஒரு செம்பு கிணற்றுத் தண்ணி அள்ளிக் குடிக்கிறா. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

ஐப்பசியில் மாரி தொடங்கும். அதற்கு முன்னம் உங்கள் திட்டத்தின் வரைபடத்தைத் தின்னவேலிச் சந்தைச் சுவரில் ஒட்டுங்கள். கிணறுகளைக் குறித்திருந்தால் எங்கள் கிணறு சரியான இடத்தில் இருக்கிறதா என்று வந்து பார்ப்பேன். குறிக்காமல் விட்டிருந்தால் நாங்களே ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்க் குறித்துக்கொண்டு வந்து தருகிறோம்.

இப்படிக்கு,
தின்னவேலி வாசி ஒருத்தி