டெல்டா பல் மருத்துவர்களுக்கு: சீட்டில் இன்னும் ஒரு வரி

தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டப் பல் மருத்துவர்களுக்கு வணக்கம்.

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் அம்மாவை உங்களில் நான்கு பேர் பார்த்திருக்கிறீர்கள். பெயரைச் சொன்னால் ஞாபகம் வராது. ‘வாயில சொணை’ என்று வந்த அம்மா என்றால் வரலாம்.

கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிய பிறகு ஆரம்பித்தது. வைக்கோல் போர் போடும்போது உடம்பெல்லாம் ஒட்டுமே, அந்தச் சொணை வாய்க்குள் ஒட்டியிருக்கிறது என்றார். அப்புறம் அது நாராகிவிட்டது. தினமும் விடிந்ததும் கண்ணாடி முன் நின்று, பல் ஈறிலிருந்து இரண்டு விரலால் இழை இழையாக இழுப்பார். இழுத்ததைக் காகிதத்தில் மடித்து, தாத்தாவின் பழைய சுண்ணாம்பு டப்பாவில் சேர்த்து வைப்பார், டாக்டரிடம் காட்ட. போன மாதம் ஒரு கிளினிக்கில் அந்த டப்பாவை நீட்டினார். டாக்டர் திறக்கவில்லை. உதவியாளர் பெண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் உங்க நெனப்பு” என்றார். பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அம்மா டப்பாவை மடியில் செருகிக்கொண்டு பேசாமல் இருந்தார்.

ஒன்றும் இல்லை, சரி. அப்படியானால் அதற்கு முன் மற்ற இடங்களில் மூன்று பல் ஏன் போயின? பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அம்மா விஷயத்தில் சொல்தான் முதலில் போனது.

இது உங்களுக்குத் தெரியாததல்ல. 1907-லேயே பிரான்ஸில் டூப்ரே, காமு என்ற இரண்டு மருத்துவர்கள் இப்படிப்பட்ட விசித்திர உணர்ச்சிகளுக்கு ‘செனஸ்தோபதி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாயில் வரும் வகையைப் பற்றி ஜப்பானியப் பல் மருத்துவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். வயதான பெண்களிடம் அதிகம், பல்லில் கை வைத்த பிறகு பலருக்குத் தொடங்குகிறது, மறுபடி கை வைத்தால் தீராது. சர்க்கரை, வைட்டமின் பி12, வாய் வறட்சி, பூஞ்சை எல்லாம் பார்த்துவிட்டு மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய கேஸ். நார் இல்லாமல் இருக்கலாம், அம்மா படும் வேதனை நிஜம்.

நான் கேட்பது ஒன்றுதான். ‘பல்லில் கோளாறு இல்லை’ என்று எழுதும் சீட்டில், ‘மனநலப் பிரிவில் காட்டவும்’ என்று இன்னும் ஒரு வரி. மூன்று மாவட்டத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதுவும் தூரம் என்றால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணையாவது எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு வரி கிடைக்காமல் பதினான்கு மாதம் அலைந்தோம்.

கும்பகோணம் தொடங்கி மன்னார்குடி வரை தெருவுக்கு ஒரு கிளினிக், வாசலில் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கும் வெள்ளைக்காரப் பெண்ணின் ஃபிளெக்ஸ். எக்ஸ்ரே எடுக்க, ரூட் கெனால் செய்ய, கேப் மாட்ட நேரம் இருக்கிறது. குறுவைக்கு வைத்திருந்த பணத்தில் கேப்புக்குக் கட்டினோம். கேப் ஜோராகத்தான் இருக்கிறது, நாரும் அதன் பக்கத்திலேயே வருகிறதாம். மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன். உங்களில் நல்லவர்கள் உண்டு. கடைசியில் மனநல மருத்துவரிடம் போகச் சொன்னவரும் ஒரு பல் மருத்துவர்தான். “பைத்தியம்னு சொல்லலம்மா, வாய்க்கும் மூளைக்கும் நடுவுல சேதி தப்பாப் போகுது” என்று பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். சின்ன மாத்திரை ஒன்று, ராத்திரியில் மட்டும். இப்போது நார் சாயங்காலம்தான் வருகிறது என்கிறார் அம்மா.

டப்பாவை இன்னும் தூக்கிப் போடவில்லை. அடுத்து யாராவது இப்படி ஒன்றை நீட்டினால் தயவுசெய்து திறந்து பாருங்கள். பார்த்துவிட்டு அந்த ஒரு வரியை எழுதுங்கள்.

இப்படிக்கு,
அம்மாவோடு உங்கள் பெஞ்சில் காத்திருந்த ஒரு மகன்