எங்கள் கூத்தைப் பதிந்து தந்த ஊருக்கு

கூத்துப் பழக்கும் அண்ணாவியார்மாருக்கும், கூத்தர்களுக்கும், சல்லரித் தாளம் பிடித்தவர்களுக்கும், நேரகாலம் பார்க்காமல் வளவுக்குள் எங்களை விட்ட அம்மாமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், நம் ஊர் வடமோடிக் கூத்தை, பாத்திரம் பிரித்துச் சட்டம் கொடுத்த இரவிலிருந்து வீட்டுக்கு வீடு ஆடிய கடைசி நாள் வரை பதிந்து முடித்துவிட்டோம். போன கிழமைதான் கடைசித் துண்டையும் ஊர் வாசிகசாலைக் கணினியில் ஏற்றினோம். அதற்குப் பிறகு இந்த மடலை எழுதாமல் இருக்க முடியவில்லை.

களரியில், அதாவது ஆடுகளத்தில், நடக்கும் அரங்கேற்ற இரவை மட்டும் பதிந்தால் போதும் என்ற எண்ணத்தில்தான் நாங்கள் முதலில் வந்தோம். பெரிய அண்ணாவியார் மறித்தார். "களரியில கூத்துப் பார்க்கலாம் மகன். கூத்துப் பழகினத மறுகா எங்க போய்ப் பார்க்கிற?" என்றார். அந்த ஒரு கேள்வியால்தான் இந்தப் பதிவு இன்று இந்த வடிவில் இருக்கிறது. வெள்ளாமை வெட்டி முடிந்த கையோடு கொப்பி பிரித்துப் பாத்திரம் கொடுத்தது, காலில் சதங்கை அணிந்த நாள், கிழமைக்குக் கிழமை ஆடிப் பழகும் கிழமைக்கூத்து, அரங்கேற்றத்துக்கு முன் முழுக் கூத்தையும் ஆடி அடுக்குப் பார்த்தது என்று ஒன்றையும் விடவில்லை.

அதில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரு சின்னத் துண்டு. மத்தளத்துக்குத் தோல் மாற்றக் கொடுத்திருந்த நாள் அது. அண்ணாவியார் முழங்காலில் கையால் தட்டித் ஆட்டத்துக்கான தாளச் சொற்களை, தாளக்கட்டை, சொல்கிறார். புதிதாகப் பழகும் பொடியனுக்கு மூன்றாவது சுற்றில் குதி பிந்துகிறது. அவர் ஏசவில்லை. தட்டுவதை நிறுத்திவிட்டு அவன் காலையே பார்க்கிறார். அவனும் தன் காலைப் பார்க்கிறான். பிறகு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். கூத்து ஒரு உடம்பிலிருந்து இன்னொரு உடம்புக்குப் போகும் விதத்தை அதற்கு மேல் எங்களால் விளக்க முடியாது. ஐயா, உங்கள் கைக்கு நன்றி. கமரா முன்னால் கூச்சப்பட்டாலும் விலகாமல் நின்ற தம்பிக்கும் நன்றி.

மாமிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரையோடு கூத்து ஏடும் போன வீடு அது. நினைவிலிருந்து எழுதிவைத்த கொப்பியில், பாத்திரம் களரிக்கு வரும்போது பாடும் வரவுப் பாட்டு ஒன்றில், நடு அடியைக் கறையான் தின்றுவிட்டது. நாங்கள் முற்றத்தில் இருந்து யோசித்துக்கொண்டிருக்க, குசினிக்குள்ளிருந்து அந்த அடி இராகத்தோடு வந்தது. நம் ஊர்க் களரியில் பெண்கள் ஆடியதில்லை. ஆனால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டும் இத்தனை வருடம் கேட்டவர்களிடம் முழுக் கூத்தும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டோம். அதன்பிறகு ஒவ்வொரு பாட்டையும் பெண்களிடமும் பாடிச் சரிபார்த்தோம். தொடக்கத்திலேயே அப்படிச் செய்யாமல் விட்டது எங்கள் பிழை.

அரங்கேற்றத்தன்று சாமத்தில் மெமரி கார்ட் பழுதாகி இரண்டு வரவுகள் பதிவாகாமல் போயின. விடிய விடிய ஆடிக் களைத்த கூத்தர்கள், வீட்டுக்கு வீடு ஆடும்போது எங்களுக்காக அந்த இரண்டையும் கரப்புடுப்பு என்ற பாரமான கூத்துடுப்போடு திரும்ப ஆடினார்கள். அந்த உடுப்பின் பாரம் கட்டியவருக்குத்தான் தெரியும். இந்தக் கடனை எப்படித் தீர்ப்பதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

கண்ணகை அம்மன் கோயிலில் பூசை செய்யும் கட்டாடியாருக்கும் நிர்வாகத்தாருக்கும் நன்றி. அம்மனைக் குளிர்விக்கும் குளுத்திச் சடங்கின் பாட்டைப் பதியலாம், உள்ளே நடப்பது வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னீர்கள். அந்த எல்லையை நீங்கள் போட்டதால்தான் நாங்கள் மனம் உறுத்தாமல் வேலை செய்தோம்.

தொட்டறிய முடியாத பண்பாட்டு மரபுரிமை பற்றிய யுனெஸ்கோவின் 2003 உடன்படிக்கையில் இலங்கை 2008 இல் இணைந்தது. 2018 இல் இலங்கையின் நூல்பொம்மலாட்டம் அதன் உலகப் பட்டியலுக்குப் போனபோது எங்களுக்கும் மகிழ்ச்சிதான். பட்டியலில் பெயர் ஏறுவது நல்லது. ஆனால் மரபை வைத்திருப்பவர்கள் அந்த வேலையில் பங்கெடுக்க வேண்டும் என்று அந்த உடன்படிக்கையே சொல்கிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குக் கூத்தைக் கொண்டுபோனபோதும், பேராசிரியர் சி. மௌனகுரு அதை ஆய்ந்து எழுதியபோதும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஊர் அண்ணாவிமார்தான். அதனால்தான் ஒவ்வொரு துண்டிலும் யார் ஆடினார், யாரிடம் பழகினார், மத்தளம் யாருடையது என்று எழுதியிருக்கிறோம். பெயர் போட வேண்டாம் என்றவர்களின் பெயரைப் போடவில்லை.

2005 முதல் ஈழத்து எழுத்துகளையும் ஆவணங்களையும் தன்னார்வலர்களைக் கொண்டே இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்தாருக்கும் எங்கள் வணக்கம். காசு சேர்ந்த பிறகு தொடங்குவோம் என்று காத்திராமல் இறங்கும் துணிவை அவர்களைப் பார்த்துத்தான் பெற்றோம்.

ஆடிய எல்லோருக்கும் ஒரு பிரதி வைத்திருக்கிறோம். ஞாயிறு பின்னேரம் வாசிகசாலைக்குப் பென் டிரைவ் கொண்டு வாருங்கள். வர முடியாத முதியவர்கள் சொல்லி அனுப்பினால் வீட்டுக்கே வந்து போட்டுக் காட்டுவோம். பெயரோ பாட்டோ பிழையாக இருந்தால் அங்கேயே திருத்திவிடலாம். வைகாசியில் குளுத்திக்குத் திரும்ப வருவோம். மாமி, ஊஞ்சல் பாட்டு மிச்சம் இருக்கிறது என்று சொன்னீர்கள், மறக்கவில்லை.