மதினிக்கு, அந்த முட்டை பற்றி

மதினி,

புதன்கிழமை அண்ணனுக்கு இரண்டாவது திதி. நீங்கள் வரவில்லை என்று அம்மா சொன்னாள். போனில் பேசினால் நான் சண்டையில்தான் கொண்டுபோய் விடுவேன், அதனால் எழுதுகிறேன். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள். அதனால் சிலதை மென்றுதான் சொல்ல முடியும்.

பீரோவில் அந்த ஸ்கேன் ஃபிலிம் கிடைத்தது. அண்ணனின் ஈரல் கட்டி ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அந்தச் சின்ன டாக்டர் பேனாவால் வட்டம் போட்ட படத்தைத் தேடினேன். தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே, மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் குறுக்காக எடுத்தது. முதுகெலும்பின் இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் சதை, சுற்றிலும் கறுப்பாகக் கொழுப்பு. சதைக்குள்ளேயும் கறுப்புக் கீற்று ஓடுகிறது. "சதை வத்தினது தெரியாம, 74 கிலோ இருக்காரேன்னு எல்லாரும் ஏமாந்துட்டோம்மா" என்றார். காலம் கடந்து சொன்னார்.

தொப்பையைப் பார்த்து "தாங்குற உடம்பு" என்று ஊரே சொன்னது. வயிற்றில் நீர் கோத்து எடை ஏறினபோது, தேறுகிறான் என்று கோயிலுக்குப் போய் வந்தவள் நான்.

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன். தண்ணீர் குடிக்க எழுந்து அடுப்படி விளக்கைப் போட்டேன். அரிசி டிரம் மேல் அண்ணன், வாய் நிறைய அவித்த முட்டை. உரித்த ஓட்டை முந்தானையில் ஏந்திக்கொண்டு நீங்கள். அவன் உதட்டில் மஞ்சள் கரு. என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான். நானும் சிரித்திருக்கலாம்.

அப்புறம் நான் பேசியதை இங்கே எழுத மாட்டேன். உங்களுக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

ஈரல் நோய்க்கு முட்டை ஆகாது, தையல் போட்ட உடம்பில் சீழ் வைக்கும் என்றுதானே கேட்டு வளர்ந்தோம்? தாத்தாவுக்குக் காமாலை வந்தபோது மாசக்கணக்கில் மோர்ச்சோறுதான். நான் போட்ட பத்தியமும் அதுதான். கஞ்சி, ஏழு மணிக்குள் சாப்பாடு, அதற்குப் பிறகு அடுப்படிக்குப் பூட்டு. கெடுக்க நினைத்தா செய்தேன்?

எல்லாம் முடிந்த பிறகுதான் படித்தேன். சிரோசிஸ் வந்து தழும்பேறிச் சுருங்கின ஈரலால் மாவுச்சத்தைச் சேர்த்துவைக்க முடியாது. அவர்களுக்கு ஒரு ராத்திரி சாப்பிடாமல் கிடப்பது, நாம் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடப்பதற்குச் சமம். விடிவதற்குள் உடம்பு தன் சதையையே கரைத்துத் தின்றுவிடும். அதனால்தான் படுக்கும் முன் ஏதாவது கொடுக்கச் சொல்கிறார்கள். புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை வேண்டுமாம். 70 கிலோ என்று வைத்தாலும் 84 கிராம். ஒரு முட்டையில் 6. என் கஞ்சியில் அதில் பாதி இருந்திருக்குமா என்பதே சந்தேகம்.

அந்த முட்டை அவனைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்லவில்லை. கட்டி திரும்பி வந்ததற்கு நீங்களும் காரணமில்லை, நானும் இல்லை. ஆனால் சதை வற்றியவர்களுக்கு ஈரல் ஆபரேஷனுக்குப் பிறகு சிக்கல் அதிகம், ஆயுளும் குறைவு என்று ஜப்பானிலும் பிரான்சிலும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நிமோனியாவோடு அவன் மறுபடி போய்ப் படுத்த அந்தப் பதினெட்டு நாளை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள் மதினி.

ஆனால் ஒன்று கேட்கிறேன். டயட் சொன்ன அந்தப் பெண் உங்களிடம்தானே பேசினாள்? நான் மருந்து வாங்கும் வரிசையில் நின்றேன். "முட்டை கொடுக்கச் சொன்னாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே அவித்துக் கொடுத்திருப்பேன். என்னிடம் திறக்காத வாய், உங்கள் ஊரில் போய் "நாத்தனார் பட்டினி போட்டுட்டா" என்று மட்டும் எப்படித் திறந்தது? மூன்று வாரம் அவனைக் கட்டிலை விட்டு இறங்க விடாதது யார்? நடக்காத காலிலும்தான் சதை கரையும். அதையும் என் கணக்கில் எழுதாதீர்கள்.

கோபத்தில் எழுதிவிட்டேன். அழிக்கப் போவதில்லை.

பிசியோ கொடுத்த, கைப்பிடி பலத்தை அளக்கும் கருவியில் அண்ணனுக்கு 19 கிலோதான் வந்தது. ஆசிய ஆண்களுக்கு 28-க்குக் கீழே என்றாலே பலவீனம். அன்று மத்தியானம் ஊறுகாய் பாட்டிலைத் திறக்க முடியாமல் உங்களிடம் நீட்டினான். நீங்கள் திரும்பி நின்று மூடியை லேசாகத் தளர்த்திவிட்டு, "எனக்கும் வரலை, நீங்களே பாருங்க" என்று திருப்பிக் கொடுத்தீர்கள். அவன் திறந்தான். நான் கதவோரம் நின்று பார்த்தேன். அதை இதுவரை உங்களிடம் சொல்லவில்லை.

ஃபிலிம் என்னிடம்தான் இருக்கிறது. வேண்டுமென்றால் மடங்காமல் அட்டை வைத்து கொரியரில் அனுப்புகிறேன். வேண்டாம் என்றாலும் சொல்லுங்கள்.