தங்கள் நிறுவல் ஸ்கிரிப்ட் ஹெடர் கோப்புகளைக் கெடுப்பது குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

மொரீஷியஸ் ரோஸ் ஹில்லில், கரும்புத் தோட்டப் பாசனக் குழாய்களின் நீரோட்டத்தை அளக்கும் கருவிகளைச் செய்யும் சிறு பட்டறை எங்களுடையது. தங்களிடம் வாங்கிய கணினிப் பலகைகள் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், தங்களது 6.6 கெர்னலுடன் (இயங்குதளத்தின் மையப் பகுதியுடன்) குறையின்றி இயங்குகின்றன. உடன் வந்த நிறுவல் ஸ்கிரிப்ட்தான் எங்கள் வேலையை நிறுத்திவிட்டது.

அந்த ஸ்கிரிப்ட், நிரல்களைக் கம்பைல் செய்யத் தேவையான அறிவிப்புக் கோப்புகளான ஹெடர்களை டெபியனின் 'லினக்ஸ்-லிப்சி-டெவ்' பேக்கேஜ் வைத்திருந்த 'யுஎஸ்ஆர்/இன்க்ளூட்/லினக்ஸ்' அடைவை நீக்கிவிட்டு, கெர்னலின் உள் ஹெடர்கள் இருக்கும் அடைவுக்கு ஒரு சிம்லிங்க் (வேறொரு இடத்தைச் சுட்டும் இணைப்பு) போட்டுவிடுகிறது. அதன்பின் 'எர்ர்நோ.எச்' கோப்பைச் சேர்க்கும் எந்த சி நிரலும், 'யுஏபிஐ/லினக்ஸ்/எர்ர்நோ.எச்' கிடைக்கவில்லை என்ற பிழையோடு கம்பைல் ஆகாமல் நின்றுவிடுகிறது.

ஓடும் கெர்னல் 6.6, டெபியன் தந்த ஹெடர்களோ 6.1, இரண்டும் ஒன்றாக இருந்தே தீர வேண்டும் என்று தங்கள் உதவிப் பிரிவு பதில் எழுதியது. இதை ஏற்க இயலாது. பயனர் நிரல்களுக்கென வடிகட்டித் தரப்படும் ஹெடர்கள் வேறு, கெர்னலுக்குள்ளேயே பயன்படும் ஹெடர்கள் வேறு; 2012-இல் வந்த 3.7 பதிப்பு முதல் கெர்னலின் மூலத்திலேயே இவை தனித்தனி அடைவுகளில் உள்ளன. சி நிரல்களின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் டெவ் பேக்கேஜ் சார்ந்திருப்பது முதல் வகையை. நிரல்கள் தன்னிடம் சேவை கேட்கும் பழைய சிஸ்டம் கால்களைக் கெர்னல் கைவிடுவதில்லை என்பதால், 6.1 ஹெடர்களோடு கம்பைல் செய்த நிரல் 6.6-இல் தடையின்றி ஓடும். புதிதாக வந்த வசதிகளின் அறிவிப்புகள் மட்டுமே அந்த 6.1 ஹெடர்களில் இருக்காது. ஓடும் கெர்னலோடு பொருந்தியே ஆக வேண்டியது, வன்பொருளை இயக்கக் கெர்னலுக்குள் ஏற்றப்படும் டிரைவர் மாட்யூலைக் கட்டும் ஹெடர்கள்தான், அவற்றுக்கும் 'லிப்/மாட்யூல்ஸ்' அடைவின் கீழ் 'பில்ட்' என்ற வழி ஏற்கெனவே உண்டு.

இதைவிடக் கவலை தருவது, டெபியனின் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும்போது நடக்கவிருப்பது. டெபியனின் பேக்கேஜ்களை நிறுவும் கருவியான டிபிகேஜி அந்த சிம்லிங்க்கை மதித்து, புதிய கோப்புகளைத் தங்கள் கெர்னல் ஹெடர்களின் மேலேயே எழுதிவிடும். பிறகு தங்கள் டிரைவரையும் கட்ட முடியாது.

எனவே அந்த சிம்லிங்க் வரிகளை நீக்கிய ஸ்கிரிப்டையும், கெட்டுப்போன பலகைகளைச் சீர்செய்யும் எழுத்துமூல வழிமுறையையும் உடனடியாக அனுப்பக் கோருகிறோம். தங்கள் டிரைவருக்குத் தனி அறிவிப்புகள் தேவையெனில், அவற்றைத் தங்கள் பெயரிலான தனி அடைவில் தாருங்கள். மழை மிகக் குறையும் அக்டோபருக்கு முன் எங்கள் கருவிகள் தோட்டங்களில் பொருத்தப்பட்டாக வேண்டும். அதற்குள் தீர்வு கிடைக்காவிடில், பலகைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ரோஸ் ஹில்