உரையாசிரியர் என்றொரு சொல்

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று போனில் "நானா எதையும் எழுதலம்மா, அடுத்தவங்க எழுதினதை மாத்தி எழுதுறேன், அவ்வளவுதான்" என்றாயே, அந்த "அவ்வளவுதான்" ராத்திரி முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. மருந்துத் தாள்களை எல்லாருக்கும் புரியும்படி மாற்றி எழுதுகிற இந்த வேலையைச் செய்கிறவருக்கு ஒரு பேர் உண்டா என்றும் கேட்டாய். உண்டு.

ஆங்கில அகராதியில் பாராஃப்ராஸ்ட் என்று இருக்கும். கிரேக்கச் சொல். பாரா என்றால் பக்கத்தில், ஃப்ராஸெய்ன் என்றால் சொல்லிக் காட்டுவது. 10ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிளில் புனிதர்களின் பழைய வரலாறுகளைத் திருத்தமான நடையில் திரும்ப எழுதிய சிமியோனுக்கு மெட்டாஃப்ராஸ்டெஸ், அதாவது மாற்றிச் சொல்பவர், என்பதே பட்டப்பெயராக நிலைத்துவிட்டது.

சரி, நம் சொல்லுக்கு வருகிறேன், எனக்கு அதுதான் முக்கியம். உரையாசிரியர். உரைப்பது என்றால் சொல்வது. தொல்காப்பியம் முழுமைக்கும் நமக்குக் கிடைத்திருக்கிற முதல் உரை இளம்பூரணருடையது, பின்னால் அதே நூலின் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையர் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாமல் 'உரையாசிரியர்' என்றே எழுதுகிறார், படிக்கிறவருக்கு யாரென்று தெரியும். நூல் செய்தவரும் ஆசிரியர், அதை நமக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னவரும் ஆசிரியர் என்று பேர் வைத்த மொழியடி இது. நன்னூல் என்கிற இலக்கண நூல், ஓர் உரைக்கு 14 கூறுகள் சொல்கிறது: சொற்பொருள் சொல்ல வேண்டும், தொகுத்துச் சொல்ல வேண்டும், உதாரணம் காட்ட வேண்டும், கேள்வியும் எழுப்பி விடையும் சொல்ல வேண்டும், இன்னும் இருக்கிறது. இத்தனையும் தெரிந்தவரால்தான் ஒரு சூத்திரத்தை வேறு வார்த்தையில் சொல்ல முடியும். முப்பது வருஷம் தமிழ் வகுப்பில் பொழிப்புரை எழுதச் சொன்னவள் நான், செய்யுளைப் புரிந்துகொள்ளாத பிள்ளை முதல் வரியிலேயே மாட்டிக்கொள்ளும்.

அப்புறம், நீ அனுப்பிய மருந்துத் தாளைப் பக்கத்து வீட்டு ஆயாவிடம் வாசித்துக் காட்டினேன். பழைய தாளில் "வெறும் வயிற்றில் உட்கொள்ளுதல் தவிர்க்கப்படுதல் வேண்டும்" என்று இருந்தது. "என்னா சொல்றாங்க?" என்று என் முகத்தையே பார்த்தார். நீ எழுதியது, "சாப்பிட்ட பிறகு போடுங்க." உடனே எழுந்து போய், காலையில் காபிக்கு முன்னாடி போடுகிற தன் மாத்திரை டப்பாவை எடுத்து வந்து, "இதுவும் அப்படித்தானா, கேட்டுச் சொல்லு" என்று என் மடியில் வைத்துவிட்டார். நாளைக்கு அவரை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன்.

அடுத்த தாளையும் அனுப்பு, பழையதும் புதியதும் சேர்த்து.

அன்புடன்,
அம்மா