உன் கப் கார்டுகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் உன் பழைய கார்டுகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால், "சரிப்பா, தூக்கிப் போட்டுடுங்க" என்று பாதியிலேயே முடித்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். தமிழில் என்றால் எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாக வேண்டும், நடுவில் ஓட முடியாது.

வீட்டைக் காலி செய்ய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. உன் அறை அலமாரி மேல்தட்டிலிருந்து மூன்று ஷூ பெட்டிகளை இறக்கினேன். எல்லாம் உன் பேஸ்பால் கார்டுகள், பபிள்கம்மோடு பாக்கெட்டில் டாப்ஸ் கம்பெனி விற்ற ஆட்டக்காரர் படங்கள். பழைய பபிள்கம் வாசனை இன்னும் போகவில்லை. ஒரு பெட்டியைக் கார்டு வாங்கி விற்கும் கடைக்கு எடுத்துப் போனேன். கடைப் பையன் மேலாகப் புரட்டிவிட்டு, "1987 டாப்ஸா? சும்மா கொடுத்தாலும் இடமில்லை சார்" என்றான். அவன் மேலும் தப்பில்லை. மரப்பலகை மாதிரி ஓரம் வைத்த அந்த வருஷத்துக் கார்டுகளை அவ்வளவு அச்சடித்துத் தள்ளினார்கள். பிற்காலத்தில் விலை ஏறும் என்று ஊரே சேர்த்து வைத்தது. எல்லாரிடமும் இருக்கிற பொருளை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

ஆனால் மூன்றாவது பெட்டியை அவனிடம் காட்டவில்லை. மூலையில் தங்கக் கப் அச்சடித்த கார்டுகளை மட்டும் நீ தனியாகப் பிரித்து வைத்த பெட்டி அது. முந்தின சீசனில் களத்தின் ஒவ்வோர் இடத்திலும் நன்றாக ஆடிய புதுமுகத்துக்கு டாப்ஸ் கம்பெனி கொடுக்கிற கப். எட்டு வயதில் நீதான் எனக்கு அதை விளக்கினாய். நான் கிரிக்கெட்டை மட்டும் தெரிந்துகொண்டு டெட்ராய்ட்டுக்கு வந்தவன்.

இப்போது உட்கார்ந்து கொஞ்சம் படித்தேன். கப்புக்கு ஆள் தேர்ந்தெடுப்பது 1959-இல் தொடங்கியிருக்கிறது. வில்லி மெக்கோவி என்ற ஆட்டக்காரர் அந்த வருஷம் ஜூலைக் கடைசியில்தான் அணிக்குள் வந்தார். முதல் ஆட்டத்தில் நாலு முறை மட்டை பிடித்து நாலும் ஹிட். அந்த சீசனில் மொத்தமே 52 ஆட்டம்தான் ஆடினார், ஆனாலும் 1960 கார்டில் அவருக்குக் கோப்பை.

கப் கார்டு ஏன் அவ்வளவு விலை போவதில்லை என்பதும் இப்போதுதான் புரிந்தது. ஆடி முடித்த பிறகுதானே கப் கொடுக்க முடியும்? அதனால் அது பெரும்பாலும் அடுத்த வருஷத்துக் கார்டில்தான் வரும். சந்தைக்கு வேண்டியதோ ஆளின் முதல் கார்டு. கென் கிரிஃபி ஜூனியருக்கு எல்லாரும் தேடுவது 1989-இல் அப்பர் டெக் என்ற இன்னொரு கம்பெனி போட்ட ஒன்றாம் நம்பர் கார்டு. நீ வைத்திருப்பது 1990 டாப்ஸ், கப்போடு. 1989-இல் அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம் விருதுகூட அவருக்குக் கிடைக்கவில்லை, கிரெக் ஓல்சன் என்ற பிட்சருக்கு, அதாவது பந்து வீசுபவருக்குப் போனது. கப்பாவது கிடைத்ததே! இனிமேல் என்ன ஆவான் என்று பார்த்து விலை வைக்கிறது சந்தை. கப் அப்படியில்லை, ஆடி முடித்ததற்குக் கொடுப்பது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

பெட்டியில் கடைசியாக இருந்தவர் மார்க் ஃபிட்ரிச் என்ற பிட்சர். 1977 கார்டு. உன் பத்தாவது பிறந்தநாளுக்கு, ஒரு கார்டு கண்காட்சியில் நான் வாங்கிக் கொடுத்தது. நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் ஆபீஸில் எல்லாரும் அவரைப் பற்றித்தான் பேசுவார்கள். 1976-இல், 21 வயதில் நம் ஊர் அணியான டைகர்ஸுக்காக 19 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார். பந்தோடு பேசுவாராம். மண்டி போட்டு, வீசும் மேட்டு மண்ணைக் கையாலேயே சமப்படுத்துவாராம். அடிவாங்கிய பந்தை அம்பயரிடம் திருப்பிக் கொடுத்து வேறு கேட்பாராம். அடுத்த வருஷம் பயிற்சியில் முழங்கால் போனது, அப்புறம் கை. எல்லா வருஷமும் சேர்த்து 29 வெற்றிதான். இந்தக் கதையைச் சொன்னதும் நீ, "அப்போ கப்பைத் திருப்பி வாங்கிட்டாங்களா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். அதன் பிறகுதான் போய்த் தூங்கினாய்.

அதனால் இரண்டு பெட்டி போகட்டும். மூன்றாவது என்னோடு அபார்ட்மெண்டுக்கு வருகிறது. உன் அம்மா சம்மதித்துவிட்டாள், அவளுடைய இட்லிக் கொப்பரையும் வரலாம் என்ற நிபந்தனையோடு.

இரண்டு விஷயம் பாக்கி. 1987 டாப்ஸ் கார்டில் கப் வாங்கியவர்கள் பத்துப் பேர். எண்ணிப் பார்த்தேன், உன்னிடம் ஒன்பதுதான் இருக்கிறது. இடதுகை பிட்சர் புரூஸ் ரஃபினைக் காணோம். யாரிடமாவது மாற்றிக்கொண்டாயா, இல்லை அந்தக் கார்டு கிடைக்கவே இல்லையா?

இன்னொன்று. கிரிஃபி கார்டின் மேல் மூலை மடங்கியிருந்ததற்கு, பாக்கெட்டிலிருந்து வரும்போதே அப்படித்தான் இருந்தது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? இல்லை. கட்டு கலையாமல் இருக்கட்டும் என்று ரப்பர் பேண்ட் போட்டது நான்தான். நீ அழுததைப் பார்த்ததும் சொல்லத் தைரியம் வரவில்லை.

பதிலை எழுதியே அனுப்பு.

அன்புடன்,
அப்பா