‘இல்லாத ஆள் தெரியலாம்’ என்று ஒரு வரி சொல்லுங்கள்
முதியோருக்கு மருந்து எழுதும் மருத்துவர்களுக்கும், அதை எடுத்துக் கொடுக்கும் மருந்தாளுநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர், வணக்கம்.

வயதானவர்களுக்கு மருந்துச் சீட்டு எழுதும்போது ‘சாப்பாட்டுக்கு முன்’, ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று நீங்கள் தவறாமல் சொல்கிறீர்கள். சில மருந்துகளுக்கு மட்டும் இன்னொரு வரியையும் சேர்த்துச் சொல்லுமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். ‘இந்த மாத்திரையால் சிலருக்கு இல்லாத ஆளோ பொருளோ கண்ணுக்குத் தெரியலாம், தெரிந்தால் பயப்படாமல் என்னிடம் வந்து சொல்லுங்கள்’ என்பதே அந்த வரி.

என் மாமியாருக்குப் பார்க்கின்சன் நோய்; மூளையில் டோபமைன் என்ற இரசாயனம் குறைந்து, நடுக்கமும் விறைப்பும் நடைத் தளர்ச்சியும் வரும் நோய் அது. லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரையோடு பிரமிபெக்சோலும், கை நடுக்கத்துக்கென்று டிரைஹெக்சிஃபெனிடிலும் அவருக்கு எழுதித் தரப்பட்டிருந்தன. ஒரு நாள் விளக்கு வைக்கும் நேரத்தில், கூடத்து ஊஞ்சலில் இரண்டு சிறுபிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லி, அவர்களுக்கும் தட்டு வைக்கச் சொன்னார். அவர் குரலில் பதற்றமே இல்லை; கூப்பிட்டால் அந்தப் பிள்ளைகள் பதில் பேசுவதில்லை என்பதுதான் அவருடைய குறை. காற்று கருப்பு அண்டிவிட்டது, மந்திரிக்க வேண்டும் என்றார்கள் உறவினர்கள். வயதானால் புத்தி தடுமாறத்தான் செய்யும் என்றார் அடுத்த வீட்டுக்காரர். மாத்திரை டப்பாவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு நாள் இரவு அவரைக் கொண்டுபோன தனியார் மருத்துவமனையில், அமைதிப்படுத்துவதற்காக ஹாலோபெரிடால் ஊசி போட்டார்கள். டோபமைனின் வேலையைத் தடுக்கும் அம்மருந்து பார்க்கின்சன் நோயாளிக்கு ஆகாது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மறுநாள் கஞ்சியைக்கூட விழுங்க முடியாதபடி அவருடைய உடம்பு விறைத்துப்போயிற்று. பிறகு பார்த்த நரம்பியல் மருத்துவர், முதியோருக்கு இப்படித் தெரிவதற்கு அதுவும் காரணமாகலாம் என்பதால் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று முதலில் சோதித்துவிட்டு, டிரைஹெக்சிஃபெனிடிலைச் சிறிது சிறிதாக விலக்கி, அடுத்துப் பிரமிபெக்சோலையும் படிப்படியாகக் குறைத்து, நடப்பதற்கு அவசியமான லெவோடோபாவில் கை வைக்காமல் விட்டார். சில வாரங்களில் ஊஞ்சல் காலியாயிற்று. மருந்தைக் கூட்டாமல், குறைத்தே தீர்த்த பிரச்சினை இது.

ஊமத்தை தின்றால் பித்துப் பிடிக்கும் என்பது நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். அச்செடியிலுள்ள அட்ரோபினும் ஸ்கோபோலமைனும் மூளையில் நினைவுக்கும் கவனத்துக்கும் உதவும் அசிட்டைல்கோலின் என்ற இரசாயனத்தின் வேலையைத் தடுப்பதால்தான் அந்த நிலை வருகிறது. டிரைஹெக்சிஃபெனிடிலும் அதே வேலையைத்தான் செய்கிறது. அடிக்கடி சிறுநீர் போவதற்குத் தரும் ஆக்சிபியூட்டினின், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், சளி மாத்திரைகளில் சேரும் குளோர்பெனிரமைன் ஆகியவையும் கூடக்குறைய அந்த வகையைச் சேர்ந்தவையே. இவற்றை வெவ்வேறு மருத்துவர்கள் எழுத, ஒரே முதியவர் எல்லாவற்றையும் விழுங்குகிறார். மொத்தச் சுமை எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை. இது முதியவர்களோடு நிற்கும் விஷயமும் அல்ல. ஆஸ்துமாவுக்கும் ஒவ்வாமைக்கும் குழந்தைகளுக்குக்கூடச் சாதாரணமாக எழுதப்படும் மான்டெலுகாஸ்டுக்கு, பிரமை உள்ளிட்ட மனநல விளைவுகளைச் சுட்டி, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020 மார்ச்சில் தன் மிகக் கடுமையான கட்டமிட்ட எச்சரிக்கையை விதித்தது.

முன்கூட்டியே சொன்னால் நோயாளி பயந்து மருந்தையே நிறுத்திவிடுவார் என்று நீங்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்றும் தெரியாமல், திடீரென்று சுவரோரம் ஆள் நிற்பதைப் பார்த்து மிரண்டவரின் வீட்டில்தான், இந்த மாத்திரையே வேண்டாம் என்று அன்றைக்கே தூக்கி எறிகிறார்கள். லெவோடோபாவை ஒரேயடியாக நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை நினைத்தால், சொல்லாமல் விடுவதே பெரிய அபாயமாகப் படுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பலர் இதைத் தாமாகச் சொல்வதில்லை. தெரிவது உண்மையல்ல என்று அவர்களுக்கே தெரிந்திருக்கும். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். ஆகவே மறுபரிசோதனைக்கு வரும்போது, முடிந்தால் மகனையோ மருமகளையோ சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, ‘ஏதாவது தெரிகிறதா, பக்கத்தில் யாரோ நிற்பது போலத் தோன்றுகிறதா’ என்று நீங்களே கேளுங்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் நேரம்கூட இதற்கு ஆகாது.

மருந்தாளுநர்களுக்கு ஒரு வேண்டுகோள். அட்டையைக் கத்தரித்துப் பத்து மாத்திரை கொடுக்கும்போது, பெட்டிக்குள் இருக்கும் குறிப்புத்தாள் நோயாளியின் கைக்கு வருவதே இல்லை; வந்தாலும் அது பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது. மருந்தைப் பற்றி நோயாளிக்கு எடுத்துச் சொல்வதை 2015ஆம் ஆண்டின் மருந்தாளுநர் நடைமுறை ஒழுங்குவிதிகள் உங்கள் பணியாகவே வைத்துள்ளன. எனவே மேற்சொன்ன வரியைத் தமிழில் ஒரு சிறு சீட்டாக அச்சிட்டு, அத்தகைய மாத்திரைகளின் உறையில் ஒட்டிக் கொடுங்கள். பிரமை வந்ததாக யாராவது சொன்னால், மருத்துவரிடம் அனுப்புவதோடு நின்றுவிடாமல், இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கவும் உதவுங்கள். பொதுமக்களே நிரப்பி அனுப்பக்கூடிய தமிழ்ப் படிவமும் அத்திட்டத்தில் உண்டு. அதன் நகல்கள் சில உங்கள் கடையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பார்க்கின்சன் நோயாளி ஒருவரைப் பராமரித்துவரும் மருமகள்